டேங்க் நிரப்பிய நாள்கள்

இரண்டாவது தடவையும் வண்டி மாசாய் ஊருக்கு முன்னால்தான் நின்றது. பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போக, ஷாஹித் ஓரமாக ஒதுக்கி நிறுத்தி முதல் வேலையாக மணி பார்த்தான். பதினொன்று பத்து. கெலாங் பாத்தாவில் வீட்டை விட்டுக் கிளம்பி நாற்பத்தொரு நிமிடம். போன வாரம் புதன்கிழமை நின்றபோது முப்பத்தெட்டு. நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டான்.

"எழுதிட்டியா? எழுதி முடிச்சிட்டு வண்டியத் தள்ளுவியா, இல்ல நானே எறங்கித் தள்ளவா?" என்றாள் பின்சீட்டிலிருந்த நிலோபர். அவனுடைய லாத்தா, கூடப்பிறந்த அக்கா. எட்டு வயது மூத்தவள். அவளுக்குப் பின்னால், வண்டியின் சரக்கு வைக்கும் பகுதியில், நான்கு பெட்டிகளில் நூற்று நாற்பது பிரியாணிப் பொட்டலங்கள் ஆறிக்கொண்டிருந்தன.

"தள்ளுனா வராது லாத்தா. டீசல் வரல."

"டேங்க் நெறைய இருக்குல்ல? காலையிலதானே ஊத்துன?"

"டேங்க்ல இருக்கு. பம்ப்புக்கு வரல."

அரை மணி நேரம் சும்மா நின்ற பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பியது. அதுதான் ஷாஹித்துக்குப் பிடிக்காதது. உடைந்த சாமான் உடைந்தே கிடக்கும். இது யாரோ சொல்லிக்கொடுத்து நடப்பதுபோல நின்றது, சொல்லிக்கொடுத்ததுபோலக் கிளம்பியது.

தொழிற்சாலை கேன்டீன் வாசலில் காளியம்மா நின்றிருந்தாள். அங்கே சாப்பாட்டுக்குப் பொறுப்பு அவள்தான். முதல் ஷிஃப்ட் ஆட்கள் பதினொன்று நாற்பத்தைந்துக்கு வரிசையில் நிற்பார்கள். அன்று பொட்டலங்கள் இறங்கும்போது பன்னிரண்டு ஆகியிருந்தது. வரிசையில் பாதிப் பேர் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

"மொதல்ல சோத்துல டீசல் நாத்தம்னு ஆளுங்க சொன்னாங்க, பொறுத்துக்கிட்டேன்" என்றாள் காளியம்மா. "இப்ப வண்டி நின்னுடுச்சுன்னு சொல்றீங்க. இந்தா பாரு நிலோபர், உன் கைப்பக்குவத்துல குறை இல்ல. ஆனா இன்னொரு தடவ நாப்பத்தஞ்சு தாண்டுச்சுன்னா, நாத்தம் வந்துச்சுன்னா, நான் வேற ஆளப் பாத்துடுவேன். எனக்கும் மேல ஆளு இருக்கு லா."

நிலோபர் தலையாட்டினாள்.  அவள் கணவர், மச்சான், சிங்கப்பூரில் வேலை செய்தாலும், இந்த ஆர்டர் அவள் தனியாகப் பிடித்தது. வீட்டு அடுப்பில் இருபது பொட்டலத்தில் தொடங்கியது. அது கைவிட்டுப் போனால் அவள் என்ன ஆவாள் என்று ஷாஹித்துக்குத் தெரியும். அழ மாட்டாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடி எதையும் தொட மாட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வரை இந்த வண்டியால் ஒரு தொல்லையும் இல்லை. அத்தா வைத்துவிட்டுப் போன பழைய டீசல் வேகன். ஷாஹித்தைவிட வயதில் மூத்தது. ஒரு நாள் வண்டிக்குள் டீசல் நாற்றம் கிளம்பியது. பானட்டைத் திறந்தால் இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் பக்கவாட்டில் ஈரம். இப்போது வரும் டீசலில் பாமாயில் கலப்பு இருப்பதால் பழைய ரப்பர் சீல்கள் ஊறிக் கெட்டுப்போகும் என்று அவன் படிக்கும் டீசல் மெக்கானிக் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பம்ப்பைக் கழற்றி சீல் மாற்ற வேண்டும். கழற்றத் தெரிந்தவன் யுகேந்திரன்.

யுகேந்திரனும் அதே டீசல் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. சொந்தமாக ஒரு பட்டறை வைத்துப் பத்து வருடமாக இதே வேலையைச் செய்கிறவன். சர்டிஃபிகேட் இல்லாமல் கம்பெனி வண்டிகள் கிடைப்பதில்லை என்பதற்காக வந்திருந்தான். எழுத்துத் தேர்வில் ஷாஹித்துக்கு அடுத்தபடி, அதாவது ஷாஹித்துக்கு வெகுதூரம் கீழே, மதிப்பெண் வாங்குவான். செய்முறையில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு அவனைப் பார்ப்பார்கள். ஷாஹித்தை அவன் கூப்பிடுவது புரொஃபசர் என்று.

பம்ப்பைக் கழற்றி மேசையில் வைத்த அன்று அவன் சொன்ன ஒரு வார்த்தை ஷாஹித்தின் மனதில் தங்கிவிட்டது. "அலமாக், இந்த பம்ப்ப ஹாஃப்கட் கடையில தேடித் திரியுறாங்க புரொஃபசர். வித்துராத."

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களின் சாமான் விற்கும் கடைகள் அவை. அங்கே ஒரு நல்ல பம்ப்பைக் கொடுத்துவிட்டுத் தேய்ந்த ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? பம்ப் இரண்டு நாள் யுகேந்திரனின் பட்டறையில் கிடந்தது. திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. நம்பர் தகட்டின் ஆணிகள்கூடப் புதிதாகத் தெரிந்தன. பழைய சீல்களை வழக்கப்படி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தான். ஆனால் பழைய சீல் யார் வண்டியிலும் கிடைக்கும்.

எல்லாவற்றையும் எழுதி வைக்கிற ஷாஹித், கழற்றுவதற்கு முன் பம்ப்பின் நம்பரை மட்டும் எழுதி வைக்கவில்லை. மாட்டிய பிறகுதான் எழுதினான். இந்த ஒரு குறையை நினைத்து அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். பிறகு, இந்தக் குறையை யுகேந்திரன் கவனித்திருப்பானோ என்று சந்தேகப்பட்டான்.

வண்டி இரண்டாவது தடவை நின்ற அந்தச் செவ்வாய் மாலை வகுப்புக்கு யுகேந்திரன் வரவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று என்று ஷாஹித் வண்டியை செய்முறைக் கூடத்துக்குள் விட்டான். டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு போத்தலில் டீசல் ஊற்றி பானட்டுக்கு மேலே தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக பம்ப்புக்குக் குழாய் கொடுத்தான். புத்தகத்தில் உள்ள சோதனைதான் இது. போத்தலிலிருந்து எஞ்சின் ஒழுங்காக ஓடினால் பம்ப்பில் குறை இல்லை, டேங்க் பக்கம் தேட வேண்டும்.

ஒரு மணி நேரம் ஓடியது. ஒரு முறைகூட இருமவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பம்ப்பை விட்டிருப்பார்கள். ஷாஹித் யோசித்தான். போத்தல் உயரத்தில் இருந்தது. டீசல் தானாக இறங்கி வந்தது. டேங்க் தாழ்வாக இருக்கிறது, அங்கிருந்து பம்ப் தன் பலத்தில் உறிஞ்ச வேண்டும். தேய்ந்த பம்ப்பாக இருந்தால் போத்தலில் ஓடும், டேங்க்கில் நிற்கும். அப்படியானால் சோதனை தேறியதே பம்ப் தேய்ந்தது என்பதற்கு அடையாளம்தான். நோட்டில் இப்படி எழுதினான்: பம்ப் மாற்றப்பட்டிருக்கலாம். கீழே இரண்டு கோடு போட்டான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான். பெயரையும் எழுதினான்.

வீட்டில் நிலோபர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ளகிட்ட நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா, ஆமா நான்தான் மாத்துனேன்னு சொல்வாரா?"

"மூஞ்சி சொல்லும்டா."

புதன்கிழமை பக்கத்து வீட்டு வேனை இரவல் வாங்கிச் சமாளித்தார்கள். வியாழக்கிழமைக்கு வேன் கிடைக்காது. புதன் மாலை வகுப்பு முடிந்ததும் ஷாஹித் பார்க்கிங்கில் யுகேந்திரனைப் பிடித்தான். வண்டி நிற்பதை மட்டும் சொன்னான். நாளைக்குக் கூட வர முடியுமா என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தையே பார்த்தான்.

யுகேந்திரன் ஹெல்மெட்டைக் கையில் சுற்றினான். "மொதல் தடவ நின்னது போன புதனா? அப்பவே ஏன் சொல்லல?"

"நானே பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"ஓ. சரி, காலையில வரேன்."

முகம் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத முகத்தைத்தான் நம்ப முடியாது என்று தோன்றியது ஷாஹித்துக்கு.

வியாழக்கிழமை காலை வேறு ஒரு பெட்ரோல் நிலையத்துக்குப் போய் டேங்க்கை முட்ட நிரப்பினான். ஒருவேளை வழக்கமான நிலையத்து டீசலில் கசடு வருகிறதோ என்று ஒரு சின்னச் சந்தேகம். நிரப்பும்போது டீசல் ஊற்றும் துப்பாக்கி 'டக் டக்' என்று நான்கு முறை தானாக நின்றது. மெதுவாகத்தான் உள்ளே போயிற்று. அதையும் எழுதினான்.

பத்தரை மணிக்கு யுகேந்திரன் ஒரு துணிப்பையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டான். நிலோபர் பின்னால், பெட்டிகளுக்கு முன்னே. 

"பிரியாணி வாசம் ஆள இழுக்குது க்கா" என்றான் யுகேந்திரன்.

"போய்ச் சேரட்டும் தம்பி, ஒரு பொட்டலம் உங்களுக்குத்தான்."

"போய்ச் சேந்துருவோம். எங்க, அந்த நோட்டக் காட்டு புரொஃபசர். எப்பெப்ப நின்னுச்சுன்னு எழுதியிருப்பியே."

ஷாஹித் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே இடது கையால் நோட்டை நீட்டினான். நீட்டிய கையைத் திரும்ப இழுக்க நினைத்தபோது நோட்டு யுகேந்திரனின் மடியில் இருந்தது.

யுகேந்திரன் விரல் வைத்து நிதானமாகப் படித்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பவன்போல உதடு அசைந்தது. ஒரு பக்கம் புரட்டினான். இன்னொரு பக்கம். அங்கே விரல் நின்றது.

"பம்ப் மாற்றப்பட்டிருக்கலாம்" என்று வாய்விட்டுப் படித்தான். "யுகேந்திரன். கேள்விக்குறி."



"கேள்விக்குறி நல்லாருக்கு" என்றான் யுகேந்திரன். "கொஞ்சம் மரியாதையா இருக்கு."

"இல்லண்ணே, நான் எல்லாத்தையும் எழுதுவேன், அது சும்மா ஒரு…"

"ரெண்டு கோடு வேற போட்டிருக்க."

அவன் குரல் உயரவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து எதையோ தேடினான். ஒரு படத்தைப் பெரிதாக்கி ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் நீட்டினான். கரியும் எண்ணெயும் அப்பிய பம்ப், இன்னும் எஞ்சினிலேயே இருந்தது. நம்பர் தகட்டை மட்டும் விரலால் துடைத்திருந்தான்.

"கழட்டுறதுக்கு முன்ன எல்லா வண்டிக்கும் படம் எடுப்பேன். ஒன்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தான். அடுத்த சிக்னல்ல படிச்சுப் பாரு."

பார்க்காமல் இருந்திருந்தால் அவனுக்கே தன்மேல் மதிப்பு வந்திருக்கும். ஆனால் சிவப்பு விளக்கு விழுந்ததும் ஷாஹித் பார்த்தான். ஒவ்வோர் எழுத்தாக நோட்டில் இருந்த நம்பரோடு ஒப்பிட்டான். எல்லாம் ஒன்றுதான். கடைசி எண்ணை இரண்டு முறை பார்த்தான். தகட்டை மட்டும் மாற்றி அடித்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவன் வெளியே விடவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மாசாய் அறிவிப்புப் பலகை தெரிந்தபோது எஞ்சின் ஒரு முறை இருமியது. பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வேகம் ஏறவில்லை. பதினொன்று ஏழு.

"விட்டுடு. ஓரமாப் போ" என்றான் யுகேந்திரன்.

பானட்டைத் திறந்ததும் அவன் பம்ப்பைத் தொடவில்லை. ஃபில்டருக்கு மேலே, கையால் அமுக்கி டீசலை இழுக்கும் சின்னக் குமிழ் ஒன்று உண்டு. அதை அமுக்கினான். குமிழ் உள்ளே போனது. மேலே வரவில்லை. அடித்து உட்கார வைத்ததுபோல அப்படியே பதிந்து கிடந்தது.

"இத பாத்தியா?"

"போன தடவையும் அப்படித்தான் இருந்துச்சு. குமிழ் கெட்டுப்போச்சுன்னு…"

"நோட்டக் குடு." யுகேந்திரன் வண்டியின் மேல் நோட்டை விரித்து இரண்டு விரல்களை இரண்டு தேதிகளில் வைத்தான். "புதன், டேங்க் ஃபுல். நின்னுச்சு. வியாழன் கொஞ்சம் இழுவை. வெள்ளி, திங்கள் ஒன்னும் இல்ல. செவ்வாய் ஃபுல், நின்னுச்சு. இன்னிக்கு?"

"ஃபுல்" என்றான் ஷாஹித். 

"நீயே எழுதியிருக்க. எழுதுனத நீதான் படிக்கல."

யுகேந்திரன் பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திருகினான். கொஞ்சம் தளர்ந்ததும் உள்ளே காற்று இழுபட்டது. ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட சத்தம். லாரிச் சத்தத்தையும் மீறி மூன்று பேருக்கும் கேட்டது. ஷாஹித் முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தான். பதிந்து கிடந்த குமிழ், யாரும் தொடாமலே, மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

"டேங்க்குக்கு மூச்சு முட்டுது" என்றான் யுகேந்திரன். "டீசல் போன எடத்துக்குக் காத்து வரணும். வரலன்னா பம்ப் எவ்வளவுதான் உறிஞ்சும்? டேங்க் கொறஞ்சிருந்தா உள்ள நெறையக் காத்து இருக்கும், தாக்குப் பிடிக்கும். நெறஞ்சிருந்தா கொஞ்ச நேரத்துல புடிச்சிக்கும். டீசல் ஊத்துறப்ப துப்பாக்கி அடிக்கடி நின்னுச்சுன்னு எழுதியிருக்கியே, அதுவும் இதான். இந்த மாடலுக்கு மூச்சுக் குழாய் மூடியில இல்ல. டிக்கியில, பக்கத்துத் தகட்டுக்குப் பின்னால வரும்."

அவன் பின்கதவைத் திறப்பதற்குள் நிலோபர் இறங்கி வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"விரல் தடிமன்ல, கறுப்பு ஹோஸா?" என்று கேட்டாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"பெட்டி வெக்கிறப்ப பாத்தேன். தகட்டு ஓரத்துல வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மூக்க வெச்சா அதுலேர்ந்துதான் நாத்தம். பம்ப் செஞ்சு வந்தப்புறமும் நாத்தம் போவல. அதான்…"

"அதான்?"

"பிளாஸ்டிக் வெச்சு ரப்பர் பேண்டு போட்டேன். தே புங்குஸ் கட்டுறாப்புல."

கடையில் தேநீரைப் பையில் ஊற்றி, ஒரு சொட்டு வெளியே வராமல் சுற்றிக் கட்டிக் கொடுப்பார்களே, அந்தக் கட்டு. நிலோபர் கட்டினால் பை தலைகீழாகத் தொங்கினாலும் ஒழுகாது. பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தான் ஷாஹித். நான்கு ரப்பர் பேண்டுகள்.

"ஏன் லாத்தா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? நீ அவர சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்த." சொல்லிக்கொண்டே அவள் அவனைத் தள்ளிவிட்டு, கோபமும் வெட்கமுமாக அந்தக் கட்டைப் பிய்த்து எறிந்தாள்.

"அக்கா, இருங்க…" என்றான் யுகேந்திரன். ஆனால் பிய்த்தாகிவிட்டது.

டீசல் நாற்றம் குபீரென்று வெளியே வந்து பிரியாணிப் பெட்டிகளின் மேல் படிந்தது. பதினொன்று இருபது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் காளியம்மாவை நினைத்தார்கள். குழாயைக் கட்டினால் வண்டி நிற்கலாம். கட்டாவிட்டால் சோறு நாறும்.

"மறுபடி கட்டுனா போய்ச் சேந்துருமா?" என்றான் ஷாஹித்.

"சேரலாம். சேராமலும் போகலாம். மூடியத் தளத்தி வெச்சா, முட்ட நெறஞ்ச டீசல் ரோட்டுல கொட்டும்."

"இனி நான் கட்ட மாட்டேன்" என்றாள் நிலோபர்.

யுகேந்திரன் துணிப்பையிலிருந்து ஒரு சுருள் தெளிந்த குழாயை எடுத்தான். டீசலில் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதற்காகக் கொண்டுவந்தது. அதன் ஒரு முனையைக் கறுப்பு ஹோஸுக்குள் செருகினான். மறுமுனையைப் பின்ஜன்னல் வழியாக வெளியே விட்டான். குழாய் காற்றில் துள்ளி உள்ளே வந்து விழும்போல இருந்தது. "நான் பின்னால உக்காந்து வெளிய புடிச்சிக்கிறேன். அக்கா முன்ன வாங்க. ஜன்னல் எல்லாத்தையும் எறக்கு. ஓட்டு."

ஷாஹித் ஓட்டினான். கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம், யுகேந்திரன் வலது கையை முழங்கைவரை வெளியே நீட்டி, பட்டம் விடுகிறவன்போல உட்கார்ந்திருந்தது தெரிந்தது. வளைவுகளில் டேங்க் தளும்பி டீசல் குழாய் வழியாக அவன் கையில் வடிந்தது. ஒரு முறை கெட்ட வார்த்தை சொன்னான். உடனே "மன்னிச்சிக்குங்க க்கா" என்றான்.

"அந்த ஹோஸ் ஏன் உள்ள வந்துச்சு?" என்று கேட்டான் ஷாஹித். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியில் மறுபடி பழைய வாடை அடிப்பது அவனுக்கே தெரிந்தது.

"ரப்பர் காஞ்சு, வெளிய போற அடித் துவாரத்துலேர்ந்து கழண்டிருக்கு. நான் பாத்திருக்கணும். பம்ப் ஒழுகுறதப் பாத்ததும் நாத்தம் அங்கேர்ந்துதான்னு விட்டுட்டேன். பாதி எம்மேல போடு. கேள்விக்குறி வேணாம்."

 ஷாஹித் ரோட்டைப் பார்த்தான். எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சீரான சத்தத்தையும் அவன் காது விடாமல் சந்தேகித்துக்கொண்டே வந்தது.

தொழிற்சாலை வாசலுக்குள் நுழையும்போது பதினொன்று நாற்பத்தொன்று. பெட்டிகளை இறக்கி உள்ளே வைத்தார்கள். காளியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மேலே இருந்த பொட்டலத்தை விட்டுவிட்டு, பெட்டியின் அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். நிலோபர் தன் சால்வையின் நுனியைப் பிடித்து முறுக்கினாள்.

காளியம்மா இரண்டாவது பொட்டலத்தையும் பிரித்து முகர்ந்தாள். இன்னொரு பெட்டியிலிருந்து மூன்றாவது. கடைசியில் ஒரு கிராம்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒரு வாய் சாப்பிட்டாள்.

"நாளைக்கும் நூத்தி நாப்பது" என்றாள். "வரிசைய விடுங்க."

நிலோபர் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

யுகேந்திரன் உள்ளே வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில், கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நின்றிருந்தான். முழங்கைவரை டீசல். வாசலில் இருந்த குழாயில் கழுவியும் நாற்றம் போகவில்லை. ஷாஹித் அவனுக்கான பொட்டலத்தை நீட்டினான்.

"இந்தக் கையோட பிரிச்சேன்னா பிரியாணி நாறிரும். பசி வேற உயிர் போவுது" என்றான் யுகேந்திரன்.

ஷாஹித் திரும்ப உள்ளே ஓடினான். "காளியம்மாக்கா, ஒரு கரண்டி குடுங்க."

காளியம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு? நீங்கல்லாம் கையாலதானே சாப்பிடுவீங்க?"

"வெளிய ஒருத்தருக்கு."

"யாருக்கு?" அவள் கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தாள். "யாரு அந்த ஆளு? கைய ஏன் அப்படித் தூக்கி வெச்சிருக்காரு?"

"எங்க மெக்கானிக்" என்றான் ஷாஹித்.

காளியம்மா கண்ணைச் சுருக்கினாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் கரண்டியைக் கொடுத்தாள்.